கிராமத்துக் கீரைகளும் அவற்றைப் பக்குவம் செய்யும் முறையும்

சூரியன் மறைந்த பின் முற்றத்தில் நடமாடும் குழந்தை, பகலில் நன்கு பழகிய படிக்கட்டிலும் அம்மிக்கல்லிலும் இடறி விழுமாயின், அதனைத் துடுக்கென்று அதட்டுவதற்கு முன் பெற்றோர் சற்று நிதானிக்க வேண்டும். பகலில் குறையின்றிப் பார்க்கும் கண் அந்திப்பொழுதில் மங்கிவிடுவதே மாலைக்கண் என்னும் வியாதியாகும். ஆகாரத்தில் ‘ஏ’ ஜீவசத்து போதாமையே இதற்கு முக்கிய காரணம். அசட்டையாக விட்டுவிட்டால் கண்ணின் வெண்பகுதி பளபளப்பு இழந்து வறண்டு போகும். பின்னர் கருவிழியை மூடியுள்ள தெளிந்த படலமும் வறண்டு, மென்மையுற்றுப் புண்ணாகி, பார்வை ஒருகாலும் மீளாதவாறு அழிந்து போகக்கூடும். வயிற்றுப்போக்கு, மணல்வாரி அம்மை முதலியவை கண்ட மெலிந்த குழந்தைகளிடம் இக்கேடு அதிவிரைவில் முற்றுவதுண்டு. இதில் மிகவும் வருந்தத்தக்க விஷயம் யாதெனில், இக்குறையைத் தடுக்க உதவும் பொருள் அநேகமாக அதே வீட்டின் கொல்லையில், வேலியோரத்தில், கேட்பாரற்றுத் தழைத்து நிற்பதேயாம்.

கரும்பச்சைக் கீரைகளின் அருமை தென்னாட்டிலேயே ஆராய்ந்து அறியப்பட்டது. 1918-ஆம் வருஷத்தில் ஸர் ராபர்ட் மக்காரிஸன் அவர்கள் குன்னூரில் ஒரு சிறு அறையில் ஆரம்பித்த ஆராய்ச்சி 1928-இல் போஷாக்கு ஆராய்ச்சிசாலை என்னும் பெயர் பெற்றது. அவருக்குப் பின் அதன் தலைமையை ஏற்ற டாக்டர் அய்க்ராய்டு அவர்கள் 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து விவரங்களை அட்டவணைகளாக வெளியிட்டார். ஆராய்ச்சிசாலை 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அட்டவணைகளும் காலந்தோறும் திருத்தப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றைப் புரட்டும் ஒருவருக்கு, சந்தையில் அதிக விலை கொடுத்து வாங்கும் வெளிறிய காய்கறிகளைக் காட்டிலும், ஒடித்துக் கொண்டுவரும் முருங்கைத் தழை பன்மடங்கு சத்துடையது என்பது முதற் பார்வையிலேயே விளங்கும்.

ஆயினும் கீரையைப் பற்றிய புகழ்ச்சியில் அளவு மீறலாகாது. கீரையில் இருப்பது ‘ஏ’ ஜீவசத்தே அன்று. அதற்கு மூலமான காரோட்டீன் என்னும் பொருளாகும். அதனைச் சரீரமே ‘ஏ’ ஜீவசத்தாக மாற்றிக் கொள்கிறது. ஆறு பங்கு காரோட்டீன் ஒரு பங்கு ஜீவசத்துக்கு ஈடாகும் என்று 1967-இல் உலக ஸ்தாபனங்கள் கணித்திருந்தன. 2001-ஆம் வருஷத்திய கணக்கோ, பன்னிரண்டு பங்கு வேண்டும் என்று கூறியது. ஆகவே தினம் ஒரு கைப்பிடி கீரை பெரிய உதவியே ஆனாலும், பால், முட்டை, மஞ்சள் நிறப் பழங்கள் முதலியவற்றை விலக்கிக் கீரை ஒன்றையே நம்பியிருப்பது தகாது. மாலைக்கண்ணின் குறி ஏற்கெனவே கண்ட குழந்தையைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். அதற்குக் கீரை மருந்தாகாது. இந்தியாவில் 1970 முதல் குழந்தைகளுக்கு ‘ஏ’ ஜீவசத்துத் திராவகம் புகட்டும் ஏற்பாடு இருந்து வருகிறது. ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது முடிய ஆறு மாதங்களுக்கு ஒரு தடவை புகட்டப்படும் அத்திராவகத்தை, “எங்கள் வீட்டில் கீரை உண்கிறோமே” என்று எவரும் தவிர்க்கலாகாது.

இரும்புச்சத்து விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். இலையில் உள்ள இரும்பில் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்கிறது. உணவுடன் எலுமிச்சை, நெல்லி முதலிய புளிப்புப் பொருள்கள் சேரும்போது அது சற்று அதிகமாகிறது. உணவை ஒட்டித் தேநீரோ காப்பியோ அருந்தினால் குறைகிறது. சோகை பிடித்த கர்ப்பிணி ஸ்திரீகள் கீரையை உண்பதோடு, மருத்துவர் தரும் இரும்பு மாத்திரைகளையும் விடாது உட்கொள்ள வேண்டும்.

கிராமத்துக் கீரைகளில் முதலிடம் முருங்கைக்கே உரியது. நூறு கிராம் முருங்கை இலையில் சுண்ணாம்புச்சத்து 440 மில்லிகிராம் அளவும், ‘ஸி’ ஜீவசத்து 220 மில்லிகிராம் அளவும், காரோட்டீன் 6,780 மைக்ரோகிராம் அளவும் உண்டென்று ஹைதராபாத் அட்டவணைகளின் பழைய பதிப்பு காட்டிற்று. புரதமும் ஆறரை கிராமுக்குக் குறையாது. ஒரு போத்தை வெட்டி நட்டால் போதும்; கிணற்றடியில் வீணாகும் தண்ணீரே அதற்குப் போதிய பாசனம். காய்க்காகவே முருங்கையை வளர்ப்போர், தழையை ஆட்டுக்குப் போட்டுவிடுவது பல ஊர்களில் வழக்கமாயிருக்கிறது. ஆடு கொழுப்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவ்வீட்டுக் குழந்தை கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மட்டுமே பெறுவது ஒப்பத்தக்கதன்று.

முருங்கை இலையை உருவும்போது சிறு காம்புகளை அகற்றிவிட வேண்டும்; அவை வேகாமல் குழந்தைகளின் தொண்டையில் உறுத்தும். மழைக்காலத்தில் மரத்தில் கம்பளிப்புழு கூட்டமாய்த் தங்குமாதலால் இலையை வெளிச்சத்தில் உதறிப் பார்ப்பது அவசியம். பாசிப்பருப்பை மலர வேகவைத்து வைத்துக்கொண்டு, வாணலியில் எண்ணெய் விட்டு, கடுகு, வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை வதக்கி, இலையைப் போட்டுச் சிறிது தண்ணீர் தெளித்துப் பிரட்ட வேண்டும். இலை துவண்ட மாத்திரத்தில் பருப்பையும் உப்பையும் சேர்த்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்கிவிடலாம். இதற்கு ஐந்தாறு நிமிஷங்களுக்கு மேல் வேண்டுவதில்லை. நெடுநேரம் அடுப்பில் வைத்துக் கிளறினால் இலை கட்டிபட்டுக் கசக்கும்; சத்தும் குன்றும்.

மிகுந்த தழையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி வைத்துக்கொள்ளலாம். வெயிலில் உலர்த்தினால் வேலை சீக்கிரம் முடியுமேயன்றி, காரோட்டீனில் பெரும்பகுதி வெளிச்சத்தில் அழிந்துபோம். நிழலில் உலர்ந்த பச்சைப் பொடியை மூடியுள்ள தகர டப்பாவில் இட்டு, அடை மாவிலோ குழந்தையின் பருப்புச் சோற்றிலோ ஒரு தேக்கரண்டி கலந்து கொடுக்கலாம்.

மேனாட்டாரும் கரும்பச்சை இலையின் பயனை அறிந்தவர்களே. முட்டைக்கோஸின் இனமாயினும் உருண்டை கட்டாது இலை இலையாக வளரும் கேல் என்னும் கீரையைக் குளிர் நாட்டார் பனிக்காலத்துக்கென்று போற்றி வளர்ப்பார்கள். சுருண்ட இலையுடையது, நீண்டு கறுத்த இலையுடையது என அதிலும் வகைகள் உண்டு. தற்காலத்தில் நம் நகரங்களில் அதனை உயர்ந்த விலைக்கு வாங்குவோர் இருக்கின்றனர். வாங்கத்தக்க கீரைதான், ஆனால் அதை வாங்கும் பொருட்டு முருங்கையைப் புறக்கணிக்க ஒரு காரணமும் இல்லை.

அகத்திக்கீரை கொடிக்கால் உள்ள ஊர்களில் ஏராளமாகக் கிடைக்கும். வெற்றிலைக் கொடி படர்வதற்காக நட்ட மரமே கீரையும் தருகிறது. சுண்ணாம்புச்சத்தில் முருங்கையினும் மேலானது. ஏகாதசி விரதம் இருப்போர் துவாதசியன்று இதனை உண்ணுவதும், அமாவாசையில் பசுவுக்குக் கொடுப்பதும் நெடுநாளைய வழக்கங்கள். மாதத்தில் இரண்டு நாள் மாத்திரம் நினைக்கப்படும் கீரையாக இது இருப்பதற்குக் காரணம் அதன் கசப்பேயாகும். அரிசியை முதல் தடவை கழுவிய நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் முறை களைந்த நீரில் பொடியாக அரிந்த இலையையும், சின்ன வெங்காயத்தையும், பூண்டையும் வேகவைத்து, இறக்கும் சமயத்தில் தேங்காய்ப் பால் விட்டால் கசப்பு வெகுவாக அடங்கும். இதனையே மண்டி என்பார்கள். அகத்தி இலை தடித்ததாதலின் மற்றக் கீரைகளினும் சற்று அதிக நேரம் வேக வேண்டும்.

முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை ஆகிய நான்கும் ஒரே குலத்தவை. பாத்தியில் விதைத்துப் பயிராக்குபவை. முளைக்கீரை விதைத்த மூன்று வாரங்களில் வேரோடு பிடுங்கப்படுகிறது. அதனையே முதிரவிட்டால் தண்டு பருத்துச் சாம்பாருக்கும் புளிக்குழம்புக்கும் உதவும். அரைக்கீரையோ கத்தரித்து எடுக்கத்தக்கது. சுமார் இருபத்தைந்தாம் நாளில் முதல் அறுப்பு எடுத்தால், அடியிலிருந்து மீண்டும் துளிர்த்துப் பல அறுப்புகள் தரும். சிறு குடும்பத்துக்கு அரைக்கீரைப் பாத்தியே சிக்கனமானது என்பதில் ஐயமில்லை.

இவ்வகைக் கீரைகளுக்கு ஏற்ற பக்குவம் கடைசல். கொங்கு நாட்டுப் பெண்மக்கள் இதில் கைதேர்ந்தவர்கள். மண்சட்டியில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பை முக்கால் பதம் வேகவைத்து, அதன்மேல் அலசி அரிந்த கீரையையும், பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் ஆகியவற்றையும் இட வேண்டும். கீரை தன் நீரிலேயே வேகுமாதலால், மேலும் கால் டம்ளருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். வெந்ததும் சட்டியிலுள்ள நீரை ஒரு கிண்ணத்தில் இறுத்து வைத்து, உப்பிட்டு மத்தினால் கடைந்து, இறுத்த நீரை வேண்டுமளவு திரும்ப விட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சியதை ரசத்தில் சேர்த்துவிடலாம். அந்நீரைச் சாக்கடையில் ஊற்றுவோர், நீரில் கரையும் ஜீவசத்துக்களில் பெரும்பங்கை, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு இன்றியமையாத ஃபோலிக் அமிலத்தை, கூடவே ஊற்றிவிடுகிறார்கள். கடைசியாக எண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டுவது ருசிக்காக மட்டும் அன்று. காரோட்டீன் எண்ணெயோடு சேர்ந்தாலன்றிக் குடலில் நன்கு உறிஞ்சப்படுவதில்லை. ஆதலின் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ கீரையுடன் சேர வேண்டும். எண்ணெய்ச் செலவுக்கு அஞ்சி வெறும் கீரையை அவித்து உண்பது பொய்ச் சிக்கனம்.

விதையாமலே விளையும் கீரைகள் வேறு பல. குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யல்கீரை, முள்ளிக்கீரை இவையெல்லாம் புன்செய்க் காட்டில் மழைக்குப் பின் தானே முளைப்பவை. களை பறிக்கச் செல்லும் பெண்கள் மாலையில் மடி நிறையக் கொண்டுவந்து கடைந்து உண்பதுண்டு. எல்லாவற்றையும் கலந்து கடைந்த கலவைக்கீரையின் ருசி தனித்த பாத்திக்கீரைக்கு வாராது. ஆனால் இவ்விஷயத்தில் காலம் மாறிவிட்டது. களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் தெளித்த காட்டிலிருந்து இவற்றைப் பறிப்பது கூடவே கூடாது. காட்டுக்காரர் எப்பொழுது எதைத் தெளித்தார் என்பதை, பறிக்கும் ஏழைப் பெண் அறிய வழியில்லை; அதைச் சொல்ல வேண்டிய கடமை காட்டுக்காரருடையதே. தெளித்த வயலின் வரப்பில் ஒரு வேப்பங்கொத்தைக் கட்டிவைப்பது போன்ற அடையாளத்தைச் சங்கத்து அங்கத்தினர் தமக்குள் ஏற்படுத்திக் கொண்டால், ஒரு காசும் செலவின்றி இவ்வபாயத்தைத் தவிர்க்கலாம்.

பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் ஈரம் நிற்கும் வரப்புகளில் வளர்பவை. பொன்னாங்கண்ணியை உண்டால் மேனி பொன்னாகும் என்பது அதன் பெயரிலிருந்து பிறந்த நம்பிக்கை. அது நல்ல கீரை என்பதோடு நின்றுகொள்வது உத்தமம். நாட்டுப் பொன்னாங்கண்ணியின் இலை பச்சையாகவும், சீமைப் பொன்னாங்கண்ணியின் இலை சிவந்தும் இருக்கும். இரண்டும் தண்டை நட்டால் வேர்பிடிக்கும். வல்லாரை துவையலுக்கு ஏற்றது. சாக்கடையோரத்திலும் ஊர்க் கழிவுநீர் சேரும் குட்டையிலும் இவை கொழுகொழுவென்று வளருவதைக் கண்டு மயங்கலாகாது. அங்கே பறித்த வல்லாரையைப் பச்சையாக அரைத்து உண்பது கிருமிகளையும் பூச்சிகளையும் விலைகொடாமல் வாங்குவதாகும்.

மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்புடன் கூட்டாகச் செய்யலாம். அதன் பச்சைக் காயை வேகவைக்காமல் உண்ணலாகாது. குழந்தைகள் பறித்து வாயிலிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடிப்பசலை வழவழப்பானது, பருப்போடு சேர்த்தால் அது தெரியாது. புளிச்சகீரையை ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் சமைக்கலாகாது; புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். அலுமினியமும் இதற்கு உகந்ததன்று. மண்சட்டியே சிறந்தது.

தண்டுக்கீரை இனத்திலும், பசலையிலும், பருப்புக்கீரையிலும் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்புச்சத்தைப் பற்றிக்கொண்டு சரீரத்தில் சேரவிடாமல் செய்யும். ஆரோக்கியமுள்ளவர் இதைப் பற்றிக் கவலையுற வேண்டியதில்லை. சிறுநீரகத்தில் கல் கண்டவர் மாத்திரம் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு உண்ண வேண்டும். அவர்களுக்கு நிறைய நீரில் வேகவைத்து நீரை இறுத்துக் கொட்டிவிடுவதே முறை. மற்றவர்க்குக் கூடாது என்றது இவர்க்கு நன்மையாக முடிகிறது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

எந்தக் கீரையாயினும் முதலில் ஆய்ந்து, பழுத்த இலைகளை நீக்கி, முழு இலையாகவே இரண்டு மூன்று முறை அலச வேண்டும். பாத்திரத்தில் நீர் நிரப்பிக் கீரையை அமிழ்த்தி, மண் அடியில் தங்கியபின் கீரையை மேலே அள்ளி எடுப்பது நலம். நீரோடு வடித்தால் அம்மண் திரும்பவும் இலையிலேயே ஒட்டும். அரிந்தபின் கழுவினால் சத்து நீரோடு போம். காலையில் அரிந்து மத்தியானம் சமைப்பதும் நஷ்டமே. நிறம் மாறாதிருக்கச் சிலர் சோடா உப்பு ஒரு சிட்டிகை சேர்க்கிறார்கள். நிறம் நிற்கும், ‘ஸி’ ஜீவசத்து நில்லாது. இறக்கிய பின் எலுமிச்சம்பழம் சில சொட்டுகள் பிழிந்தால் இழந்ததில் ஒரு பங்கு திரும்பும்.

இவ்வளவும் தெரிந்த வீடுகளிலுங்கூடக் கீரை குழந்தையின் தட்டுக்கு வருவதில்லை. கீரை குளிர்ச்சி, சிசுவுக்கு மாந்தம் உண்டாக்கும் என்று பாட்டிமார் தடுப்பார்கள். ஆறு மாதம் முடிய தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது உண்மை. அதற்குப் பின் குழைந்த சோற்றோடும் பருப்போடும் கடைந்த கீரையை நெய் விட்டு, முதலில் ஒரு தேக்கரண்டியளவு கொடுத்துப் பழக்கலாம். மலத்தில் பச்சை நிறம் கண்டால் அஞ்ச வேண்டாம். தொடக்கத்தில் இரண்டொரு நாள் குழந்தை துப்பிவிட்டால் அதனை ஒவ்வாமை என்று கருதி நிறுத்திவிடுவது தவறு. புதிய ருசியை எக்குழந்தையும் முதலில் துப்பவே செய்யும். இரவில் கீரை உண்ணலாகாது என்னும் வழக்கமும் உண்டு. மங்கிய விளக்கொளியில் புழு பூச்சி தெரியாதென்பதும், காலையில் சமைத்த கீரை இரவுக்குள் கெட்டுவிடும் என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். அவை நியாயமானவையே. ஆயின் மாலையில் ஆய்ந்து அப்போதே சமைத்த கீரையை உண்பதால் ஒரு கெடுதியும் இல்லை. பகல் முழுவதும் கூலி வேலைக்குச் சென்று இரவு ஒரு வேளை மாத்திரம் அடுப்பு மூட்டும் குடும்பத்துக்கு இவ்விலக்கு, கீரையையே அறவே விலக்குவதாக முடிகிறது.

சங்கங்கள் செய்யத்தக்க காரியம் பெரிதன்று. ஒரு செண்டு நிலத்துக்குச் சுமார் பத்து கிராம் கீரை விதை போதும். ஆகவே சங்கம் மொத்தமாக வாங்கும் ஒரு கிலோ விதை நூறு வீட்டுக் கொல்லைகளுக்குக் காணும். தனித்தனியே வாங்கப் புகுந்தால் டவுனுக்குப் போய்வரும் வண்டிச் சத்தம் விதை விலையை மிஞ்சிவிடும். விதை மிக நுண்ணியதாதலின் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை இட்டு, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். மறந்து குடத்தால் ஊற்றினால் விதையெல்லாம் பாத்தியின் ஓரத்தில் ஒதுங்கிவிடும். எறும்பு விதையை இழுத்துச் செல்லாதபடி முதல் நான்கு நாட்கள் கவனிக்க வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் உண்ணப்போகும் பயிருக்கு விஷ மருந்து தெளிப்பது பேதைமை. புழு கண்டால் வேப்பங்கொட்டைக் கரைசலே போதும். பாத்தியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாட்களுக்கு ஒரு பங்காக விதைத்து வந்தால் வீட்டில் கீரை இல்லாத வாரம் இராது.

மறு வருஷத்துக்கு விதை வேண்டுவோர் பாத்தியின் ஒரு மூலையில் வாட்டமின்றி வளர்ந்த நாலைந்து செடிகளைக் கத்தரிக்காமல் விட்டுவைக்க வேண்டும். பூங்கதிர் காய்ந்து, கையில் தேய்த்தால் கறுத்த விதை உதிரும் தருணத்தில் அறுத்து, துணியின்மேல் உலர்த்தித் தட்டிப் புடைத்தெடுத்து, சாம்பல் கலந்து மண்கலயத்தில் வாய்கட்டி வைக்கலாம். ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளைத் தருமாதலால், தம் தேவைக்குப் போக மிஞ்சியதை அங்கத்தினர்கள் பெயரும் வகையும் எழுதிய பொட்டலமாகச் சங்கக் காரியதரிசியிடம் ஒப்புவித்தால், அடுத்த பருவத்துக்கு வெளியிலிருந்து விதை வாங்க வேண்டியிராது.